கொட்டிலில் கூர் ஏறும் இலை

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்த ஔவை, அதைப் புகழ்ந்துவிட்டு வந்தாள். ஆயுதமெல்லாம் நெய் பூசிப் புதிதுபோல் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ முறிந்துபோய்க் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உள்ளதை உள்ளபடி புகழ்ந்ததே கேட்டவனுக்குச் சுட்டது.

நானும் இன்று ஒரு கொட்டிலைப் புகழப் போகிறேன். மெல்லும் புகையிலை கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் கிடங்கு அது. என் புகழிலும் பொய் இருக்காது.

புகையிலையே, தொண்டைமானின் வேல் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. துரு ஏறாமல் காக்க அதற்கு ஆள் வேண்டியிருந்தது. உனக்கு அந்தச் செலவும் இல்லை. உன்னை அடுக்கி, சாக்கைப் போட்டு மூடி, கதவைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். அந்த இருட்டிலும் புழுக்கத்திலும் யாரும் சாணை பிடிக்காமலே நீ கூர் ஏறிக்கொண்டிருப்பாய்.

முதலில் உன் எளிய பிறப்பைச் சொல்ல வேண்டும். வயலில் பச்சையாக நிற்கும்போது உன்னிடம் இருக்கும் சொத்து நிகோடினும் அதன் உறவுகளான நார்நிகோடின், அனாடபின், அனபசின் ஆகியவையும். ஒருவனை உனக்கு அடிமையாக்க நிகோடின் ஒன்றே போதும். ஆனால் அவன் வாயில் புற்றை வளர்க்கும் நைட்ரோசமைன்கள் பச்சை இலையில் அநேகமாக இல்லை. உன் பெயரோடே சேர்த்து அழைக்கப்படும் அந்த நஞ்சுகள், புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்கள், உன் பிறவிச் சொத்தல்ல. அறுத்த நாளிலிருந்து கை மாறிய ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தாய். இப்படி ஒன்றுமில்லாத நிலையிலிருந்து உயர்ந்த இலை வேறு எது?

கொடுத்ததை வீணாக்காத சிக்கனமும் உனக்கு உண்டு. உழவர் போடும் தழைச்சத்து உரம் மிஞ்சினால், அதை நைட்ரேட்டாக உனக்குள் பத்திரப்படுத்திக்கொள்கிறாய். இலைப் பரப்பைவிட நடு நரம்பிலும் காம்பிலும் அதை அதிகமாகச் சேர்த்துவைக்கிறாய். அந்த நரம்பையும் காம்பையும் பொடித்துச் சரக்கோடு கலக்கிறவர்கள், உன் சேமிப்பை ஒரு துளி சிந்தாமல் மெல்லுகிறவன் வாய்க்குக் கொண்டுசேர்க்கிறார்கள்.

அடுத்து உன் விருந்தோம்பல். உலர்த்தும்போதும் அடுக்கிப் புழுங்கவிடும்போதும் உன் மேல் குடியேறுகிற பாக்டீரியாக்கள் எத்தனையோ வகை. கோரினிபாக்டீரியம், ஸ்டாஃபிலோகாக்கஸ், பேசில்லஸ் என்று அவற்றில் பல, நைட்ரேட்டை உண்டு நைட்ரைட்டாகக் கழிப்பவை. ஈரமும் சூடும் இருந்து காற்று குறைந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். அவை கழிக்கும் நைட்ரைட் உன் நிகோடினோடும் நார்நிகோடினோடும் சேர்கிறது. அப்போது பிறக்கும் இரண்டு பிள்ளைகளைத்தான் அறிவியல் என்.என்.என். என்றும் என்.என்.கே. என்றும் பெயரிட்டு அழைக்கிறது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அவ்விரண்டையும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், என்.என்.என். வகைகளில் புகையிலையில் மிகுதியாக இருப்பதைக் குடிநீரில் கலந்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் வாயிலும் உணவுக்குழாயிலும் கட்டிகள் எழுந்தன.

பற்றவைக்காமலே இத்தனை செய்ய முடியும் என்று உலகுக்குக் காட்டிய பெருமையும் உனக்கே. புகை இல்லையேல் பகை இல்லை என்று எத்தனை பேர் நம்பினார்கள்! பீடியை விட்டுவிட்டேன், இப்போது வெறும் போயிலைதான் என்று நிம்மதியாகச் சொல்லும் பெரியவரை நம் ஊரில் யார்தான் பார்த்ததில்லை? 1974இல் ஹாஃப்மன், ஹெக்ட் முதலிய ஆய்வாளர்கள், நெருப்பே காணாத புகையிலையில் என்.என்.என். இருப்பதை ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அதற்கு 41 ஆண்டுகள் முன்பே, 1933இல், நெய்யூர் மருத்துவமனையில் பணியாற்றிய ஐ. எம். ஓர் என்ற மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து திருவிதாங்கூருக்குக் கப்பல் கப்பலாகப் புகையிலை போன காலம் ஒன்று உண்டு. உன் புகழ் நம் கரைகளில் பரவியது இன்று நேற்றல்ல.

உன்னைப் பக்குவப்படுத்தும் கைகளையும் பாராட்டத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தில் உன்னைக் குடிலுக்குள் தொங்கவிட்டுத் தேங்காய் மட்டைப் புகை காட்டுவார்கள். அமெரிக்காவின் கென்டக்கியிலும் டென்னசியிலும் கொட்டகைக்குள் விறகு கனலவிட்டுப் புகை ஏற்றுவார்கள். மணம் வருகிறது, நிறம் வருகிறது. விறகு அரைகுறையாக எரிவதால் பிறக்கும் பென்சோபைரீனும் கூடவே வருகிறது. அதுவும் முதல் பிரிவுதான். மெல்லுகிறவன் ஒரு தீக்குச்சியும் கிழிக்காமல், புகை பிடிப்பவனுக்குக் கிடைப்பதில் ஒரு பங்கைப் பெறுகிறான். அவனுக்காக முன்கூட்டியே புகைத்துவைத்த உன் தயையை அவன் அறியமாட்டான்.

உன் நஞ்சில் எவ்வளவு தலைவிதி, எவ்வளவு கைவேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் சிகரெட்டுக்கான இலையை வெப்ப அறையில் உலர்த்துவார்கள். எரிவாயு அடுப்பின் கழிவுக்காற்று நேராக இலைமேல் படும்படி அந்த அறைகள் இருந்தன. அதிலிருந்த நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரோசமைனைப் பெருக்கின. 2000ஆம் ஆண்டையொட்டி, சூடு மட்டும் உள்ளே வந்து கழிவுக்காற்று வெளியே போகும்படி அறைகளை மாற்றினார்கள். நைட்ரோசமைன் வெகுவாகக் குறைந்தது. இலை அதே இலை, உழவரும் அதே உழவர், மாறியது ஒரு குழாய். விதையிலும் இப்படி ஒன்று நடந்தது. சில செடிகள் இலை வாடும் காலத்தில் நிகோடினை நார்நிகோடினாக மாற்றி என்.என்.என்.னுக்கு வழி திறந்துவிடும். கென்டக்கியில் அப்படி மாற்றாத செடிகளைப் பொறுக்கி விதையெடுத்தார்கள். அங்கும் அளவு குறைந்தது. இந்த இரண்டும் தெரிந்த பிறகும் பழைய வழியிலேயே உன்னை வளர்த்துப் பக்குவப்படுத்துகிறவர்களின் விசுவாசத்தை எந்தச் சொல்லால் புகழ்வது?

ஆனால் உன் வீரத்தின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் சூடானுக்குத்தான் போக வேண்டும். அங்கே உனக்கு தோம்பாக் என்று பெயர். நிகோடின் மிகுந்த ரஸ்டிகா வகை இலையை வயலிலேயே உலர்த்திக் கட்டுகளாகக் கட்டி, தண்ணீர் தெளித்து, அந்த நாட்டுச் சூட்டில் வாரக்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். பிறகு பொடித்து மேலும் பல மாதங்கள், சில நேரம் ஓர் ஆண்டுவரை, பழையதாகும்படி வைத்திருக்கிறார்கள். விற்கும்போது அத்ரோன் என்னும் சோடா உப்பைக் கரைத்துப் பிசைந்து தருகிறார்கள். நைட்ரேட், ஈரம், சூடு, பாக்டீரியா, காலம் ஆகிய ஐந்துக்கும் இதைவிட நல்ல சந்திப்பிடம் இருக்க முடியாது. 1990களின் தொடக்கத்தில் வெளிவந்த ஆய்வுகள் தோம்பாக்கில் கிராமுக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டிய என்.என்.என்.னையும், 7,870 மைக்ரோகிராம்வரை என்.என்.கே.யையும் கண்டன. இரண்டும் சேர்ந்தே கிராமுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு பின்னாளில் பரிந்துரைத்தது. அந்த வரம்பைப் போல ஏறக்குறைய நாலாயிரம் மடங்கு உயரத்தில் உன்னை ஏற்றிவைக்கப் பெரிய ஆலையும் தேவைப்படவில்லை, விலையுயர்ந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. ஈரக் கட்டும் பொறுமையும் போதுமாக இருந்தன.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். உனக்கோ புளிக்கப் புளிக்கத்தான் மதிப்பு. பழைய அரிசி வயிற்றுக்கு நல்லது, பழைய புளி குழம்புக்கு நல்லது என்று நம் வீடுகளில் வைத்திருந்து பயன்படுத்தும் பொருள்களின் வரிசையில் உன்னையும் சேர்த்துவிட்டார்கள். அடுக்கில் இருந்து பழகிய புகையிலைக்குத்தான் காரம் நிற்கும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அவர்கள் நாக்கு அறிந்தது காரத்தை மட்டும். அந்த இடைவெளியில் வேறு என்ன ஏறியது என்று சொல்ல நாக்கில் அளவுகோல் இல்லை. என்.என்.என். நிறத்தாலோ நாற்றத்தாலோ சுவையாலோ தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. கெட்டுப்போன பால் திரிந்து காட்டிக்கொடுக்கும், கெட்ட மீன் நாறிக் காட்டிக்கொடுக்கும். நீ ஒருநாளும் காட்டிக்கொடுப்பதில்லை.

பொட்டலத்துக்குள் போன பிறகும் உன் உழைப்பு நிற்பதில்லை. 2001இல் மாசசூசெட்ஸ் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்காக ஒரு சோதனை நடந்தது. அமெரிக்காவில் விற்கும் ஈரமான வாய்ப்பொடிகள் சிலவற்றையும் ஸ்வீடன் நாட்டு ஸ்னூஸையும் ஆறு மாதம் அறை வெப்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். அமெரிக்கப் பொடிகளில் நைட்ரோசமைன் ஏறியது. ஸ்வீடன் பொடியில் அப்படி ஏறவில்லை. காரணம் எளியது. ஸ்வீடனில் பொடியைப் புளிக்கவிடுவதில்லை. மூடிய கலத்தில் நீராவிச் சூடு ஏற்றிப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறார்கள். கடையில் குளிர்பெட்டிக்குள் வைக்கிறார்கள். அந்த நாடு அதை உணவுச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்து கண்காணிக்கிறது. குளிரையும் சுத்தத்தையும் கண்டால் நீ ஒடுங்கிவிடுகிறாய். அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊர் உனக்கு இத்தனை பிடித்துப்போயிற்று.

இங்கே உனக்குக் குளிர்பெட்டி இல்லை. பெட்டிக்கடையின் முகப்பில் சரம் சரமாகத் தொங்குகிறாய். சித்திரை வெயில் தகரக் கூரையைக் காய்ச்சுகிறது, ஐப்பசி ஈரம் சாக்கில் ஊறுகிறது. தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் தடை இருக்கிறது. உணவுப் பொருளில் புகையிலையோ நிகோடினோ கலக்கக் கூடாது என்ற விதி 2011 முதலே இந்தியா முழுவதும் இருக்கிறது. அதனால் நீ சோர்ந்துவிடவில்லை. பாக்கு ஒரு பொட்டலத்திலும் புகையிலை இன்னொரு பொட்டலத்திலும் தனித்தனியாக வந்து வாங்குகிறவன் உள்ளங்கையில் ஒன்றுசேரக் கற்றுக்கொண்டாய். மறைத்து விற்கும் இடங்களில் மாவு மூட்டைக்குப் பின்னும் வண்டி இருக்கைக்கு அடியிலும் பதுங்கினாய். வெயில் படாத, காற்று புகாத, எத்தனை மாதமானது என்று யாரும் கேட்காத அந்த இடங்கள் உனக்குப் புதியவை அல்ல. அவையும் ஒரு கொட்டில்தான்.

இந்தியச் சந்தையில் உன் தகுதி என்ன என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்தது. காய்னி, ஜர்தா முதலிய வகைகளில் என்.என்.என். கிராமுக்கு 1.74 முதல் 76.9 மைக்ரோகிராம்வரை இருந்தது. உச்சத்தில் நின்றவற்றுள் காய்னி வகைகள் சில. அமெரிக்காவில் பதப்படுத்திய பன்றி இறைச்சியில் அதற்குரிய நைட்ரோசமைன் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமை எட்டினால் அரசு தலையிடும். அதே கிலோக் கணக்கில் சொன்னால் அந்த 76.9 என்பது 76,900. நைட்ரோசமைனின் வகை வேறு, குலம் ஒன்று. வாணலியில் போடும் இறைச்சிக்கு இருக்கிற காவல், கன்னத்தில் மணிக்கணக்காக அடக்கிவைக்கும் இலைக்கு இல்லை.

அந்த வகைகளின் இரண்டு முனைகளையும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள். ஒரே நாடு, ஒரே பழக்கம். ஆனாலும் குறைந்ததற்கும் கூடியதற்கும் இடையே 44 மடங்கு தூரம். அந்தத் தூரத்தை உண்டாக்கியது கடவுள் அல்ல. எந்த இலை, எப்படி உலர்த்தியது, எத்தனை நாள் புழுங்கவிட்டது, எதைக் கலந்தது, எங்கே வைத்தது என்ற வரிசைதான் உண்டாக்கியது. வாங்குகிறவனுக்கு இதில் எதுவும் தெரியாது. பொட்டலத்தின் 85 சதவீதத்தை எச்சரிக்கைப் படம் நிரப்புகிறது. அது நல்ல காரியம். ஆனால் உள்ளே என்.என்.என். எத்தனை என்று ஒரு வரி அங்கே இல்லை.

கடைசியாக, வாய்க்குள் நீ காட்டும் திறமை. உள்ளங்கையில் வைத்துச் சுண்ணாம்பு தடவித் தேய்க்கும்போது உன் காரத்தன்மை ஏறுகிறது. பி.எச். அளவு 6 என்றால் நிகோடினில் நூற்றில் ஒரு பங்கே கட்டவிழ்ந்து சவ்வுக்குள் எளிதில் புகும். 8 ஆனால் ஏறக்குறைய பாதி, 9 ஆனால் பத்தில் ஒன்பது பங்கு. சூடானில் சோடா உப்பு செய்வதை இங்கே சுண்ணாம்பு செய்கிறது. சுண்ணாம்பு கன்னத்தின் தோலையும் அரித்து வழி செய்துகொடுக்கிறது. கிடங்கில் விட்டுப்போன வேலையை எச்சில் தொடர்கிறது. எச்சிலிலும் நைட்ரைட் உண்டு, அது அங்கேயும் புதிய நைட்ரோசமைனை உருவாக்கும். வயலில் தொடங்கி, குடில், அம்பாரம், கிடங்கு, கடை, உள்ளங்கை, கன்னம் என்று இத்தனை இடங்களிலும் ஒரு நொடியும் ஓய்வெடுக்காமல் கடமை ஆற்றும் உன்னைப் போல் ஊழியன் யாருக்குக் கிடைப்பான்?

உனக்குக் கூலியும் குறைவில்லை. 2016–17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் ஆன இந்தியர்களில் 21.4 சதவீதம் பேர், ஏறக்குறைய 20 கோடிப் பேர், உன்னைப் புகையின்றிப் பயன்படுத்தினார்கள். 2022இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட உதடு, வாய்ப்புற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் வந்தவை. 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அங்கே மருத்துவர் சாந்தா தம் வாழ்நாளையே கொடுத்தார். எத்தனை அர்ப்பணிப்பு வந்தாலும் படுக்கை காலியாகாமல் பார்த்துக்கொள்கிற உன் வன்மை பெரிது.

புகையிலையே, உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீ ஓர் இலை, உனக்குக் காது இல்லை. காது உள்ளவர்களிடம் இனி நேராகவே பேசுகிறேன்.

இந்த நஞ்சின் பெரும்பகுதி நாம் செய்தது. பச்சை இலையில் இல்லாததை, உரத்தாலும் புகையாலும் ஈரத்தாலும் அலட்சியத்தாலும் நாம் உண்டாக்கினோம். ஆகவே இது தெரியாது, தடுக்க முடியாது என்று தயாரிப்பவர்களும் அரசும் சொல்ல இடமில்லை. சட்டப்படி விற்கப்படும் ஒவ்வொரு வகையையும் அரசு ஆய்வகத்தில் அளக்க வேண்டும். அளந்ததைப் பொட்டலத்தின் மேல் தமிழில் அச்சிட வேண்டும். கிராமுக்கு 2 மைக்ரோகிராம் என்ற வரம்பை விதியாக்க வேண்டும். அதை மீறும் சரக்கு கிடங்கிலிருந்து கடைக்குப் போகக் கூடாது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் சுத்தமாகச் செய்த புகையிலை நல்லதுதானே என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். ஸ்வீடனின் பொடியிலும் நிகோடின் இருக்கிறது, அடிமைத்தனம் இருக்கிறது, கருவுற்ற பெண்ணின் குழந்தைக்கு ஆபத்து இருக்கிறது. நைட்ரோசமைனைக் குறைக்க முடியும் என்பதற்குத்தான் அது சான்று. புகையிலையில் பாதுகாப்பான அளவு உண்டு என்பதற்குச் சான்று ஆகாது.

நீங்கள் புகையிலை போடுகிறவரானால், இன்று கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், துடைத்தும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழைய மறுக்கும் வாய், இவற்றில் எது இருந்தாலும் நாளை காலையே மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் கண்டுகொண்டால் காப்பாற்ற முடிகிற புற்று இது. விட நினைத்து முடியாமல் தவிக்கிறீர்கள் என்றால் 1800 11 2356 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை. உங்கள் வீட்டில் அப்பாவோ ஆத்தாவோ மடியில் முடிந்துவைத்திருந்தால், திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

மடியில் இருக்கும் அந்தப் பொட்டலம் இன்று இரவும் சும்மா இருக்காது. அதைத் தூர எறியுங்கள்.